வீடும் வேலையும் ஒரே கணக்கில்: தலைநகர் வட்டாரத் திட்டம் தரும் பாடங்கள்

நகர வளர்ச்சியைத் திட்டமிடுவோர் இரண்டு அடிப்படைக் கேள்விகளுக்கு விடை காண வேண்டியுள்ளது. மக்கள் எங்கே வேலை செய்யப்போகிறார்கள் என்பது ஒன்று; எங்கே குடியிருக்கப்போகிறார்கள் என்பது மற்றொன்று. அரசு நிர்வாகத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன. தொழில் துறை தொழிற்பேட்டைகளை அமைக்கிறது. வீட்டு வசதித் துறை குடியிருப்புகளைக் கட்டுகிறது. இரண்டு துறைகளும் தத்தம் இலக்குகளை எய்தியதாக ஆண்டறிக்கைகளில் தெரிவிக்கவும் செய்கின்றன. ஆயினும், தொழிற்பேட்டைக்கு அருகே வீடு கிடைக்காமையால் குடிசைகள் பெருகுவதையும், புதிய குடியிருப்புக்கு அருகே வேலை இல்லாமையால் வீடுகள் பூட்டிக்கிடப்பதையும் ஒரே வட்டாரத்தில் காண்கிறோம்.

தொழிலாளர் குடும்பத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றே. நாள்தோறும் போய்வரக்கூடிய தொலைவில் வேலை இருந்தால்தான் ஒரு வீடு அக்குடும்பத்துக்கு வீடாகப் பயன்படும். இந்த எளிய உண்மையைத் திட்டமாக மாற்றுவது எவ்வளவு கடினமானது என்பதற்குத் தேசியத் தலைநகர் வட்டாரத்தின் அனுபவம் சிறந்த எடுத்துக்காட்டாகும். தில்லியையும் அதனைச் சூழ்ந்த அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களின் மாவட்டங்களையும் கொண்ட இவ்வட்டாரத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கணக்கிடும் முறை

முதலில், வேலைவாய்ப்பிலிருந்து வீட்டுத் தேவையைக் கணக்கிடும் முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் காண்போம். ஒரு நகரில் தொழிற்சாலைகளின் வாயிலாக 10,000 புதிய வேலைகள் உருவாகின்றன எனக் கொள்வோம். அத்தொழிலாளரின் ஊதியம் அந்நகரிலேயே செலவாகும்போது கடை, பள்ளி, போக்குவரத்து, பழுதுபார்ப்பு முதலிய சேவைகளிலும் வேலைகள் தோன்றும். ஒரு தொழிற்சாலை வேலைக்கு ஒரு சேவை வேலை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20,000 பேர் வேலை பெறுவர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தில்லி மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வேலை செய்வோர் ஆவர். அந்த விகிதத்தைக் கொண்டால் 20,000 தொழிலாளருடன் 60,000 மக்கள் வாழ்வர். குடும்பத்துக்கு ஐந்து பேர் எனில் 12,000 வீடுகள் தேவை. ஹெக்டேருக்கு 300 பேர் என்ற அடர்த்தியில் 200 ஹெக்டேர் நிலம் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால் நாள்தோறும் 81 லட்சம் லிட்டர் வழங்க வேண்டியிருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 65 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பி வரும். அதனைத் தூய்மைப்படுத்தவும் ஏற்பாடு வேண்டும்.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவதாக, தொழிற்சாலைக்கு அனுமதி வழங்கும் நாளிலேயே வீடு, நிலம், நீர் ஆகியவற்றின் தேவையும் தீர்மானமாகிவிடுகிறது. இரண்டாவதாக, 12,000 என்பது வெறும் மொத்த எண்ணிக்கையாகும். காவலாளி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்வோர், தனியாக வந்து தங்கும் இளைஞர், மேற்பார்வையாளர், பொறியாளர் ஆகியோரின் வருவாய் வெவ்வேறானது. அவ்வருவாய்க்கேற்ற வாடகையில் அல்லது விலையில் அவ்வீடுகள் அமையாவிட்டால் எண்ணிக்கை நிறைவேறினும் தேவை நிறைவேறாது.

தேசிய அளவிலான புள்ளிவிவரங்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. 2012ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. பற்றாக்குறையின் பெரும்பகுதி, சுமார் ஒன்றரைக் கோடி, போதிய இடமின்றி நெருக்கடியில் வாழும் குடும்பங்களால் ஏற்பட்டதாகும். ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. தேவையும் இருப்பும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

பரீதாபாத் அனுபவம்

1941இல் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சமாயிற்று. பிரிவினையின்போது வந்து சேர்ந்த அகதிகளே இவ்வுயர்வுக்கு முக்கியக் காரணம். அவர்களுள் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பகுதியினருக்காகத் தில்லிக்குத் தெற்கே பரீதாபாத் என்ற புதிய நகரை அமைக்க 1949இல் ஒரு வளர்ச்சி வாரியம் ஏற்படுத்தப்பட்டது. ராஜேந்திர பிரசாத் அதன் தலைவர். கமலாதேவி சட்டோபாத்யாயா அதில் பங்கேற்றார்.

சுமார் 30,000 பேருக்கான இந்நகரில் அகதிகளே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுகூடி, செங்கல் அடுக்கவும் கட்டவும் கற்றுக்கொண்டு, தங்கள் வீடுகளையும் சாலைகளையும் தாங்களே அமைத்தனர். வீடு கட்டும் பணியே அவர்களுக்கு முதல் வேலையாகவும் அமைந்தது. உதவித்தொகையை நம்பி முகாமில் வாழ்ந்தவர்கள் கூலி பெற்று நகரை எழுப்பினர். போர் இழப்பீடாகக் கிடைத்த ஜெர்மானிய டீசல் மின்னாக்கி இயந்திரங்களைக் கொண்டு மின் நிலையமும் நிறுவப்பட்டது. தொழிற்சாலைகள் வருவதற்கு இது வழிவகுத்தது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. கட்டுமானம் முடிவடைந்ததும் கட்டுமான வேலையும் முடிவடைந்தது. நிலையான தொழில்கள் போதிய அளவில் வேரூன்றும் வரையில் வேலையின்மை நகரை வாட்டியது. வீடு கட்டுதல் ஒரு நகரின் வேலைவாய்ப்புக்குத் தொடக்கமாகலாம். நிரந்தர அடிப்படையாக இயலாது. பரீதாபாத்துக்கு அந்த அடிப்படை பின்னர் கிடைத்தது. 2011இல் அதன் மக்கள்தொகை 14 லட்சம்.

வட்டாரத் திட்டம் உருவான வரலாறு

தில்லி நகருக்கான பெருந்திட்டம் 1962ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நகரின் சிக்கலை நகர எல்லைக்குள்ளேயே தீர்க்க இயலாது என்பதை அத்திட்டம் அப்போதே உணர்ந்திருந்தது. காசியாபாத், பரீதாபாத், பல்லப்கர், பகதூர்கர், குர்கான், லோனி முதலிய சுற்று நகரங்களை வளர்த்து மக்கள் பெருக்கத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு பரிந்துரைத்தது. ஆனால் அந்நகரங்கள் வேறு மாநிலங்களில் இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு இல்லை.

இக்குறையைப் போக்கவே 1985இல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியச் சட்டம் நிறைவேறியது. நில உபயோகம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் சட்டமன்றங்கள் அரசியலமைப்பின் 252ஆம் விதியின்படி ஒப்புதல் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியது. கூட்டாட்சி அமைப்பில் பல மாநிலங்கள் விரும்பி இணைந்து ஒரே வட்டாரத்தைத் திட்டமிட வழிகண்ட முன்னோடிச் சட்டம் என இதனைக் கூறலாம். வாரியம் வட்டாரத் திட்டத்தை வகுக்கும். மாநிலங்கள் தத்தம் பகுதிக்குத் துணை வட்டாரத் திட்டங்களை வகுக்கும். போக்குவரத்து, நீர் போன்ற துறைகளுக்குச் செயல்பாட்டுத் திட்டங்களும், அவற்றின் கீழ்ப் பணித் திட்டங்களும் அமையும்.

முதல் வட்டாரத் திட்டம் 1989 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அப்போது வட்டாரத்தின் பரப்பு சுமார் 30,240 சதுர கிலோமீட்டர். பின்னர் வேறு மாவட்டங்கள் சேர்க்கப்பட்டதால் அது 55,000 சதுர கிலோமீட்டரைக் கடந்தது. போக்கு மாறாவிடில் 2001இல் தில்லியில் 132 லட்சம் பேர் இருப்பர் என்று திட்டம் கணித்தது. அவர்களுள் 20 லட்சம் பேரை மீரட், ஹாபுர், புலந்த்சகர்-குர்ஜா, பல்வல், ரேவாரி-தாருஹேரா-பிவாடி, ரோத்தக், பானிப்பட், ஆல்வார் ஆகிய முன்னுரிமை நகரங்களை நோக்கித் திருப்பி, தில்லியை 112 லட்சத்தில் நிறுத்துவது நோக்கமாகும். இவற்றுக்கும் அப்பால், குவாலியர், கோட்டா, பாட்டியாலா, பரேலி, இசார் ஆகிய ஐந்து நகரங்கள் மாற்று ஈர்ப்பு மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. தில்லியை நாடிப் புறப்படுவோரைத் தொலைவிலேயே ஏற்றுக்கொள்வது அவற்றின் பணி.

எதிர்பார்ப்பும் விளைவும்

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை 138.5 லட்சம். திட்டமிடாத நிலையில் எதிர்பார்த்த அளவையும் அது கடந்துவிட்டது. 2011இல் 167.9 லட்சத்தை எட்டியது. இரண்டாவது பத்தாண்டில் வளர்ச்சி வீதம் பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் தில்லியை ஒட்டிய குர்கான் மாவட்டம் அதே பத்தாண்டில் 8.7 லட்சத்திலிருந்து 15.1 லட்சமாக வளர்ந்தது. காசியாபாத், நொய்டா ஆகியவையும் இவ்வாறே பெருகின. வளர்ச்சி தில்லியின் எல்லையைத் தாண்டிச் சென்றதேயன்றி, திட்டம் விரும்பிய தொலைவு நகரங்களை அதே வேகத்தில் சென்றடையவில்லை.

இதற்கான காரணங்களைச் சுருக்கமாக ஆராயலாம்.

ஒன்று: வேலைகள் இடம்பெயரவில்லை. மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களின் தலைமையகங்கள், மொத்த வணிகம் ஆகியவை பெரும்பாலும் தலைநகரிலேயே தொடர்ந்தன. வேலை இருக்கும் இடத்திலிருந்து மக்களை மட்டும் திருப்பிவிட எந்த வரைபடத்தாலும் இயலாது.

இரண்டு: வரி வேறுபாடு. வட்டாரம் முழுவதற்கும் ஒத்த விற்பனை வரி வேண்டும் என முதல் திட்டமே வலியுறுத்தியது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனது வருவாயைக் காப்பதில் கருத்தாயிருந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின்னரே அவ்வேறுபாடு பெருமளவு நீங்கியது.

மூன்று: தில்லியை ஒட்டிய நிலத்தில் முதலீடு செய்வது எளிதாகவும் இலாபகரமாகவும் இருந்தது. தொலைவு நகரங்களுக்கு நீர், மின்சாரம், விரைவுப் போக்குவரத்து ஆகியவை முன்கூட்டியே சென்று சேராததால் தொழில் முனைவோர் அங்கு செல்லத் தயங்கினர்.

நான்கு: சுற்று நகரங்களில் தனியார் கட்டிய வீடுகளில் பெரும்பங்கு நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவினருக்கானது. அவ்வீடுகளில் பணிபுரிவோருக்கும், அருகிலுள்ள ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடமளித்தவை நகரத்தால் சூழப்பட்ட பழைய கிராமங்களும் அங்கீகாரமற்ற குடியிருப்புகளுமே. தில்லியில் மட்டும் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சொத்துரிமை வழங்க 2019இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

வேலையைப் பிரிந்த வீடு

வேலையிலிருந்து வீட்டைப் பிரிப்பதன் விளைவை மிகக் கூர்மையாக உணர்ந்தவர்கள் குடிசைப் பகுதி மக்களாவர். தில்லியில் குடிசை அகற்றும் திட்டம் தொடங்கிய காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 80 சதுர கஜ மனை என்று வகுக்கப்பட்டது. பின்னர் அது 25 சதுர கஜமாக, அதாவது சுமார் 21 சதுர மீட்டராகக் குறைந்தது. 1990களின் கொள்கையில் 18 சதுர மீட்டரும், பிற்பாடு வந்தவர்களுக்கு 12.5 சதுர மீட்டருமாயிற்று. மனை சுருங்கச் சுருங்க, அது அமையும் இடமும் நகரின் நடுவிலிருந்து விலகிச் சென்றது.

2004இல் யமுனைக் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்களுள் மனைக்குத் தகுதி பெற்ற பலர் நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள பவானாவுக்கு அனுப்பப்பட்டனர். பவானாவில் ஒரு தொழிற்பேட்டையும் இருந்தது. தில்லியின் குடியிருப்புப் பகுதிகளில் விதிகளுக்கு மாறாக இயங்கிய தொழில்களை உச்ச நீதிமன்ற ஆணைகளை அடுத்து இடம் மாற்றுவதற்காக அமைக்கப்பட்ட பேட்டை அது. வரைபடத்தில் பார்த்தால் வீடும் வேலையும் அருகருகே அமைந்துவிட்டன. ஆனால் வந்து சேர்ந்தவர்களின் பிழைப்பு வீட்டு வேலை, கைவண்டி, நடைபாதை வணிகம், பழைய பொருள் சேகரிப்பு போன்றவற்றைச் சார்ந்திருந்தது. அவ்வேலைகள் பழைய நகரின் நடுவிலேயே இருந்தன. நாள்தோறும் நெடுந்தொலைவு பேருந்துப் பயணம் செய்யும் செலவும் நேரமும் பெண்களையே அதிகம் பாதித்தன. குழந்தைகளை விட்டுச் செல்ல இயலாத பெண்கள் வேலையை இழந்தனர். எண்ணிக்கையில் வேலை இருப்பது மட்டும் போதாது. அது அக்குடும்பத்தினர் செய்யக்கூடிய வேலையாகவும் இருத்தல் வேண்டும்.

அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளும் இதே உண்மையை மறுபக்கத்திலிருந்து காட்டின. நரேலா, பவானா, கோகா போன்ற விளிம்புப் பகுதிகளில் ஏழைகளுக்கெனக் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் பல ஆண்டுகள் குடியேற்றமின்றிக் கிடந்தன. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் 2014ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒதுக்கீடு பெற்றோர் பலர் வீடுகளைத் திருப்பியளித்தனர். 2017இல் விற்பனைக்கு வந்த சுமார் 12,000 வீடுகளில் பெரும்பாலானவை அவ்வாறு திரும்பியவையே. இடம் சிறிது, நகரம் தொலைவு, போக்குவரத்துக் குறைவு என்பன மக்கள் கூறிய காரணங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில் திரண்ட மக்கள் வெள்ளம் இச்சிக்கலின் மற்றொரு முகமாகும். வேலை நின்ற சில நாட்களிலேயே வாடகை செலுத்த இயலாமற்போனவர்கள் சொந்த ஊருக்கு நடந்தேனும் செல்ல முற்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. விற்பனைக்கான வீடுகளையே பெரிதும் நம்பியிருந்த கொள்கையில் இது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

நீரே எல்லை

வீடும் வேலையும் சமநிலை அடைந்தாலும் வட்டாரம் நிலைத்து வாழ நீர் வேண்டும். யமுனையின் நீரைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு 1994 மே மாதத்தில் ஐந்து மாநிலங்களுக்கிடையே ஏற்பட்டது. மொத்தம் 1,198 கோடி கன மீட்டரில் தில்லியின் ஆண்டுப் பங்கு சுமார் 72 கோடி கன மீட்டர். மக்கள் பெருகினாலும் இப்பங்கு தானாகப் பெருகாது. ஆகவே கங்கைக் கால்வாயின் வழியே தெகரி நீர்த்தேக்கத்தின் நீரும் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டது. குர்கான் போன்ற நகரங்கள் நிலத்தடி நீரை மழை ஈடுசெய்யும் அளவுக்கு மேல் இறைத்தன.

நீர் ஊறிச் சேரும் ஆரவல்லி மலைச் சரிவுகளிலும் யமுனையின் வெள்ளச் சமவெளியிலும் கட்டடங்கள் எழுந்தால், புதிய வீடுகள் தமக்கே உரிய நீரூற்றை அடைத்துவிடுகின்றன. வஜீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டர் யமுனையின் நீளத்தில் இரண்டு விழுக்காடு கூட இல்லை. எனினும் ஆற்றின் மாசில் பெரும்பங்கு அங்கேதான் சேர்கிறது. கழிவுநீரைக் கணக்கில் கொள்ளாத குடியிருப்புத் திட்டத்தின் செலவை ஆறும், கீழ்ப்பகுதி மக்களும் ஏற்க நேர்கிறது.

செயல் வழிகள்

மேற்கூறியவற்றிலிருந்து எந்த வட்டாரத்துக்கும் பொருந்தும் சில வழிமுறைகளை வகுக்கலாம்.

1. தொழிற்பேட்டைக்கோ பெரிய அலுவலக வளாகத்துக்கோ அனுமதி வழங்கும்போதே, அதனால் உண்டாகும் வேலைகளின் ஊதிய நிலை, அதற்கேற்ற வீடுகள், நீர், கழிவுநீர் ஆகியவற்றின் கணக்கும் இணைக்கப்பட வேண்டும்.

2. தொழிலாளர் விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் தொழிற்பேட்டையின் நில உபயோகத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

3. குடிசைப் பகுதிகளை இயன்றவரை இருந்த இடத்திலேயே அல்லது மிக அருகிலேயே மேம்படுத்த வேண்டும். தில்லியின் கால்காஜியில் இம்முறையில் கட்டிய 3,024 வீடுகள் 2022 நவம்பரில் திறக்கப்பட்டன. அங்கு குடியேறும் குடும்பம் தன் வேலையை விட்டு விலக வேண்டியதில்லை.

4. போக்குவரத்து முந்திச் செல்ல வேண்டும். தில்லி-மீரட் இடையிலான 82 கிலோமீட்டர் விரைவு ரயில் தடத்தின் முதற்பகுதி 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. முன்னுரிமை நகராக மீரட் அறிவிக்கப்பட்டு அதற்குள் 34 ஆண்டுகள் கடந்திருந்தன. நிலையங்களைச் சுற்றி நில மதிப்பு உயரும் முன்பே குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான நிலத்தை ஒதுக்காவிடில், விரைவு ரயிலும் அவர்களை மேலும் தொலைவுக்குத் தள்ளக்கூடும்.

5. ஒவ்வொரு நகரின் சொந்தத் தொழிலையும் வளர்க்க வேண்டும். பானிப்பட்டின் நெசவு, குர்ஜாவின் பீங்கான், மீரட்டின் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவை அந்தந்த ஊரில் வேரூன்றியவை. கடன், பயிற்சி, பொதுப் பட்டறை, மாசுக் கட்டுப்பாடு ஆகிய உதவிகள் கிடைப்பின் அவை வேலையையும் மக்களையும் அங்கேயே நிறுத்தும்.

6. நீர் இருப்பே நகர் விரிவாக்கத்தின் உச்ச வரம்பாக இருத்தல் வேண்டும்.

இவற்றைக் கண்காணிக்க ஓர் எளிய அட்டவணை போதுமானது. வட்டாரத்தின் ஒவ்வொரு நகருக்கும், அவ்வாண்டு உருவான வேலைகள், வருவாய்ப் பிரிவுவாரியாக மக்கள் குடியேறிய வீடுகள், சராசரிப் பயண நேரம், நீர் இருப்பு ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். கட்டி முடித்த வீடுகளைக் காட்டிலும் குடியேறிய வீடுகளின் எண்ணிக்கையே சாதனைக்கு அளவுகோலாக வேண்டும்.

முடிவுரை

தலைநகர் வட்டாரத்தின் அனுபவத்தை வெறும் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. பல மாநிலங்கள் ஒரு சட்டத்தின் கீழ் இணைந்து திட்டமிட இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. நகரங்களைத் தேர்ந்தெடுத்ததிலும் திட்டம் பெரிதும் தவறவில்லை. வேலை, வீடு, போக்குவரத்து, நீர் ஆகிய நான்கும் உரிய வரிசையில், ஒரே காலத்தில் அந்நகரங்களைச் சென்றடையவில்லை என்பதே குறை. அக்குறையின் விலையை வைகறையில் எழுந்து பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளரும், வேலையை இழந்த பெண்களும் செலுத்தினர்.

நம் நாட்டின் பிற பெருநகரங்களும் தத்தம் எல்லைகளைக் கடந்து வட்டாரங்களாக விரிந்துவருகின்றன. அவற்றுக்கான திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்களும் வரைபடத்தில் ஒரு குடியிருப்பைக் குறிக்கும்போதெல்லாம் அங்கு வாழ்வோர் எந்த வேலைக்கு, எவ்வளவு நேரத்தில், என்ன செலவில் சென்றுவருவர் என்ற கேள்விக்கு அதே தாளில் விடையெழுதப் பழகுவார்களாயின், வட்டாரத் திட்டம் மக்களுக்குப் பயனளிக்கும் திட்டமாக அமையும்.